சிறு அலுவலக லினக்ஸ் சர்வர் நிர்வாகம்

ஐந்து முதல் முப்பது பேர் வரை வேலை செய்யும் அலுவலகங்களில் கோப்புகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளவும், பிரிண்டரைப் பகிரவும், கணக்குத் தரவை ஒரே இடத்தில் பாதுகாக்கவும் லினக்ஸில் இயங்கும் ஒரு கணினி பயன்படுகிறது. அதை நிறுவுவது ஒருநாள் வேலை. பயனர்களைச் சேர்ப்பது, நீக்குவது, அனுமதிகளை வரையறுப்பது, அப்டேட் போடுவது, டிஸ்க்கைக் கவனிப்பது, பேக்கப் எடுப்பது ஆகியவை அந்த சர்வர் ஓடும்வரை தொடரும் வேலைகள். இவற்றின் தொகுப்பே சர்வர் நிர்வாகம்.

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 8 ஜிபி நினைவகமும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் யுபிஎஸ் இணைப்பும் உள்ள சாதாரணக் கணினியே கோப்புப் பகிர்வுக்குப் போதும்.

வழங்கலைத் தேர்வு செய்தல்

ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கெர்னலை அடிப்படையாகக் கொண்டு ஏராளமான லினக்ஸ் வழங்கல்கள் உருவாகியுள்ளன. அலுவலக சர்வர்களில் டெபியன், உபுண்டு, ராக்கி, ஆல்மா ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. எதைத் தேர்ந்தெடுத்தாலும், பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை கிடைக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். உபுண்டுவின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. சென்ட்ஓஎஸ் 8 என்ற வழங்கலுக்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பி நிறுவியவர்களுக்கு, 2021 டிசம்பர் 31உடன் அது முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. ராக்கியும் ஆல்மாவும் அந்த இடத்தை நிரப்ப வந்தவையே.

ஆகப் புதிய பதிப்பைத் தேடி ஓடாமல் நிலையான பதிப்பில் இருப்பது நல்லது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவு ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் திட்டமிட்டு வைக்கப்பட்ட பின்வாசல் ஒன்று அகப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அது நுழைந்திருந்தது. நிலையான பதிப்பை எட்டவில்லை.

பயனர்களும் அனுமதிகளும்

லினக்ஸில் ரூட் பயனருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். அதனால் நிர்வாகி தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, தேவைப்படும்போது மட்டும் சூடோ கட்டளையால் ரூட் அதிகாரத்தைப் பெறுவதே முறை. யார், எப்போது, என்ன செய்தார் என்பதும் இதனால் லாக்கில் பதிவாகும்.

கணக்குப் பிரிவுக்கான ஒரு கோப்புறையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 2770 என்று அனுமதி கொடுத்தால் உரிமையாளரும் குழுவினரும் படிக்கலாம், எழுதலாம்; வெளியார் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. முதலில் நிற்கும் 2, உள்ளே யார் புதுக்கோப்பு உருவாக்கினாலும் அதை அதே குழுவின் பெயரில் சேர்த்துவிடும். அது விடுபட்டால் ஒருவர் சேமித்த கோப்பைப் பக்கத்து மேசைக்காரர் திறக்க முடியாமல் தவிப்பார். அந்தத் தொல்லை தாங்காமல் 777 போட்டுவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதன் பிறகு சம்பளப் பட்டியலைக்கூட யாரும் பார்க்கலாம், யாரும் அழிக்கலாம்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்க வேண்டும். கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சாவி அவரிடம் இருந்தால் அதை வைத்தே உள்ளே வர முடியும் என்பதால், கணக்கையே காலாவதியாக்கி, சாவியையும் நீக்க வேண்டும்.

தொலைவிலிருந்து நுழைவது

ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து டாட்டு யுலோனென் 1995இல் எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கினார். அதன் வழக்கமான போர்ட் எண் 22. அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் சீக்கிரமே லாக்கில் வரிசை கட்டும். ரூட் நுழைவையும் கடவுச்சொல் நுழைவையும் நிறுத்திவிட்டு, சாவி நுழைவை மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இந்த மாற்றங்களைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடக் கூடாது. இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்து, சரியாக இருந்தால்தான் மூட வேண்டும். ஃபயர்வாலை இயக்குவதற்கு முன்பு 22க்கு அனுமதி தர மறந்தவர்கள், மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்கு ஓட வேண்டியதுதான்.

விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிர்வது சாம்பா. ஆஸ்திரேலியாவின் கேன்பராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991இல் எழுதத் தொடங்கியது இது. 2010இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து அதில் ஒளிந்திருந்த ஒரு பெரும் ஓட்டை 2017 மே மாதத்தில்தான் அடைக்கப்பட்டது. பாதுகாப்பு அப்டேட் தானாகவே நிறுவப்படும்படி அமைப்பது இதனால்தான் அவசியம்.

டிஸ்க்கும் லாக்கும்

டிஸ்க் நிரம்பிவிட்டால் டேட்டாபேஸ் நின்றுபோகும், கோப்பு சேமிக்க வராது. பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பக் கிடைக்காமல் போவதுண்டு. ஏதோ ஒரு சேவை அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருப்பதே காரணம். சேவையை மறுபடி தொடங்கினால் இடம் விடுபடும்.

இந்தியாவில் சைபர் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். பழைய லாக்குகளைக் கழித்துவிடும் இயல்பான அமைப்பு இதற்குப் போதாது. கால அளவை நீட்டிக்க வேண்டும்.

பேக்கப்

இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் ரெய்டு அமைப்பு, ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். தவறுதலாக அழித்த கோப்பைக் காப்பாற்றாது, ஏனெனில் அழிப்பும் இரண்டிலும் நடந்துவிடுகிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி நல்ல அடித்தளம். கட்டளைகளைக் குறித்த நேரத்தில் ஓடவிடும் கிரானில் 30 2 * * * என்று எழுதி, அருகில் கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைச் சேர்த்தால், தினமும் பின்னிரவு 2.30க்குப் பேக்கப் தானாக ஓடும்.

ஓடுகிறதா என்று பார்ப்பது தனி வேலை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்பகத்தை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவு போயிற்று. பேக்கப்பைத் தேடினால், பொருந்தாத பதிப்புள்ள கருவி அமைந்திருந்ததால் அது நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் யாரையும் எட்டவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு திரும்பவில்லை.

ஆகவே மாதம் ஒருமுறையாவது, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்புறையை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். மீட்கும் வழிமுறையையும் சர்வரின் ஐபி முகவரியையும் கடவுச்சொற்கள் எங்கே உள்ளன என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, அலுவலகத்தில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வைக்க வேண்டும்.