டென்னிஸ் ஆடிய பாட்டி

தோல் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். படிக்கிற காலத்தில் பெரிய குறும்புக்காரி. டாக்டராகும் எண்ணமே இல்லை.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான அப்பாவை அனுப்புவதாகச் சொன்னார் ஐடா. ஆண் கூடாதென்று திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பின் அவரே டாக்டரானார். 1918-இல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. கல்லூரி.

வயதானபிறகும் விளையாட்டுக் குணம் போகவில்லை. டென்னிஸ் போட்டியில், "எனக்குப் போய் ஒரு பாட்டியா?" என்று சலித்துக்கொண்ட சின்னப் பெண்ணை, ஒரு கேம்கூடக் கொடுக்காமல் ஜெயித்தாராம்!

என் அம்மா பிறந்தது அவருடைய ஆஸ்பத்திரியில்தான். கல்யாணமே செய்துகொள்ளாமல் 1960-இல் மறைந்த அந்தப் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் ஏராளம். நானும் ஒருவன்.