சின்னமும் குரலும்: அங்கனூரிலிருந்து நாடாளுமன்றம் வரை

தொல். திருமாவளவனின் அரசியல் வாழ்வில் 2009 சிதம்பரம் வெற்றியைத் திருப்புமுனையாகக் கொள்வது எளிது. அதைவிட முக்கியமானது 2004 பிப்ரவரியில் அவர் துறந்த சட்டமன்றப் பதவி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரியலூர் வட்டாரத்து அங்கனூரில் 1962இல் பிறந்தவர். அன்று அது திருச்சி மாவட்டம். சென்னையில் வேதியியலும் குற்றவியலும் சட்டமும் பயின்று, மதுரையில் அரசுத் தடய அறிவியல் துறையில் பணியாற்றினார். 1990இல் அவர் தலைமையேற்ற விடுதலைச் சிறுத்தைகள் இயக்கம் 1999 வரை தேர்தலைப் புறக்கணித்தது. அவ்வாண்டு அரசுப் பணியை விட்டு, சிதம்பரம் தனித்தொகுதியில் தமிழ் மாநில காங்கிரஸின் சைக்கிள் சின்னத்தில் நின்றார். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தும் தோல்விதான். 2001இல் மங்களூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார், தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில்.

சிக்கல் இங்கேதான். அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, ஒருவரை எந்தக் கட்சி வேட்பாளராக நிறுத்தியதோ அக்கட்சியின் உறுப்பினராகவே அவர் கருதப்படுவார்; அதன் கொறடா ஆணை அவரைக் கட்டுப்படுத்தும். கடன் வாங்கிய சின்னத்தில் வென்றவர், சட்டத்தின் கண்ணில் சொந்தக் கட்சியின் பிரதிநிதி அல்லர். தி.மு.க.வுடன் முரண்பாடு வந்தபோது பதவியில் ஒட்டிக்கொண்டிராமல் விலகியதை நான் வெறும் நேர்மைச் செயலாகப் பார்க்கவில்லை. 1932 பூனா ஒப்பந்தம் தந்த, எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி முறையில் தலித் பிரதிநிதி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற பழைய கேள்விக்கு அவர் சொன்ன விடை அது.

அதன் விலை பெரிது. 2004 நாடாளுமன்றத் தேர்தலிலும் ஐக்கிய ஜனதா தளத்தின் அம்புச் சின்னத்தைத்தான் நாட வேண்டியிருந்தது, மீண்டும் தோல்வி. பிறகு, கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால், சுயேச்சைச் சின்னங்கள்: நட்சத்திரம், மெழுகுவத்தி, மோதிரம், பானை. சேரி சேரியாகப் புதுச் சின்னத்தை ஒவ்வொரு முறையும் கொண்டுசேர்ப்பது எத்தகைய உழைப்பு என்பதைத் தேர்தல் களம் கண்டவர் அறிவர். 2016இல் காட்டுமன்னார்கோயிலில் அவர் தோற்றது 87 வாக்குகளில்.

அவருடைய வெற்றிகளில் தொகுதி மறுவரையறையும் பங்காற்றியது. 2008இல் குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகியவை சிதம்பரத்துடன் இணைந்ததால் சொந்த மண்ணே அவருடைய தொகுதிக்குள் வந்தது. அதே மறுவரையறை பெரம்பலூரைப் பொதுத்தொகுதியாக்கியதால், அங்கே மும்முறை வென்ற தி.மு.க.வின் ஆ. இராசா நீலகிரிக்குப் பெயர்ந்தார்.

வெற்றிகளைத் தந்தது கூட்டணி வாக்கே என்ற மறுப்பு உண்டு, அது உண்மையும்கூட. சிதம்பரத்தில் பட்டியல் சாதியினர் சிறுபான்மையினர். கூட்டணியின்றி அவருடைய கட்சி அங்கே வெல்வது கடினம். ஆனால் கூட்டணி தருவது வாக்கு. அவையில் சொந்தக் கட்சியின் பெயரால் எழுந்து பேசும் உரிமையைத் தருவது சின்னம். 2019இல் அவருடைய வாக்கு வித்தியாசம் 3,219, 2024இல் 1,03,554. இரண்டும் பானைச் சின்னத்தில். 2019இல் விழுப்புரத்தில் உதயசூரியனில் வென்ற அவருடைய கட்சியின் து. ரவிக்குமாரும் 2024இல் பானையிலேயே வென்றார். 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் விடுதலைச் சிறுத்தைகளை மாநிலக் கட்சியாக அங்கீகரித்து, பானையை அதற்கே ஒதுக்கியது.