கலியாணத் திகதி ஒன்று, குடும்பமான திகதி இன்னொன்று

எங்கடை சனத்திடம் "கலியாணம் எப்ப நடந்தது?" என்று கேட்டால் ஒரு திகதி சொல்வார்கள். "எப்ப சேர்ந்திருக்கத் தொடங்கினீங்கள்?" என்று கேட்டால் வேறொரு திகதி வரும். இடையில் ஒரு வருசம், இரண்டு வருசம், சிலருக்கு நாலைந்து வருசம். கலியாண அல்பத்திலும் இல்லாத, பிள்ளைகளுக்கும் சொல்லாத காலம் அது. அந்த இடைவெளியைப்பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி சின்னதுதான். ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டாயிற்று. முடிவு வர மாதக்கணக்கில் எடுக்கும். அதுவரைக்கும் மனைவியோ கணவனோ விசிற் விசாவில் ஒரு மாதம் வந்து நின்றுவிட்டுப் போகமுடியாதா?

பெரும்பாலும் முடியாது. விசிற் விசா கொடுக்கிற அதிகாரி பார்க்கிற முக்கியமான விசயம், வருகிறவர் திரும்பிப் போவாரா என்பது. கலியாணம் செய்தவர் வந்தால் போகமாட்டார் என்பது அவருடைய எண்ணம். ஆகவே வருவதற்கு மிக நல்ல காரணம் வைத்திருப்பவருக்குத்தான் கதவு மிக இறுக்கமாகப் பூட்டப்படுகிறது. சும்மா ஊர் சுற்றிப்பார்க்க வருகிறேன் என்கிறவருக்கு இருக்கிற வாய்ப்புக்கூட புருசனைப் பார்க்க வருகிறேன் என்கிறவளுக்கு இல்லை. இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் பிரித்தானியா. 1979 ஜனவரியில் ஒரு இந்திய ஆசிரியை ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அவருக்கு வயது 35. லண்டனில் இருந்த ஒருவரைக் கலியாணம் செய்ய வந்திருந்தார். அன்றைய சட்டப்படி, நிச்சயம் செய்யப்பட்ட பெண் மூன்று மாதத்துக்குள் கலியாணம் செய்வதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் வரலாம். ஆனால் ஏற்கனவே கலியாணம் முடித்த மனைவி, தன் நாட்டிலேயே விண்ணப்பம் போட்டு, நீண்ட வரிசையில் காத்திருந்து, அனுமதிப் பத்திரம் எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும். இந்தப் பெண் உண்மையில் மனைவிதானோ, வரிசையை ஏமாற்ற வந்திருக்கிறாளோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதற்காக அவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் கார்டியன் பத்திரிகை அதை வெளியில் கொண்டுவந்தபோது பெரிய கொந்தளிப்பு. இது ஒரு தனிச் சம்பவம் என்று பலகாலம் நம்பப்பட்டது. பிற்பாடு இரண்டு ஆய்வாளர்கள் பழைய அரசாங்கக் கோப்புகளைத் தேடிப் பார்த்தபோது, இந்தியாவில் இருந்த பிரித்தானிய அலுவலகங்களிலும் இப்படியான பரிசோதனைகள் நடந்தது தெரியவந்தது. எண்பது பெண்களாவது இதற்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று 2011ல் செய்தி வந்தது.

அந்தக் கொடுமைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கைக் கவனியுங்கள். கலியாணம் செய்யாதவள் என்றால் வரலாம், செய்தவள் என்றால் காத்திருக்கவேண்டும். மனைவி என்ற உறவே அங்கே ஒரு குற்றச்சாட்டு மாதிரி.

1980ல் இன்னொரு விதி வந்தது. ஆங்கிலத்தில் 'பிறைமரி பேர்பஸ்' என்பார்கள், அதாவது கலியாணத்தின் முதன்மை நோக்கம். வெளிநாட்டில் இருக்கும் கணவன், தான் கலியாணம் செய்ததன் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்கு வருவது அல்ல என்று தானே நிரூபிக்கவேண்டும். பேசிச் செய்கிற கலியாணம் உள்ள சமூகங்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று விளக்கத் தேவையில்லை. "நீ ஏன் அங்கே போய் அவனோடு இருக்கக்கூடாது?" என்பது பெண்ணுக்கு. "நீ ஏன் இங்கே வர ஆசைப்படுகிறாய்?" என்பது மாப்பிள்ளைக்கு. இரண்டாவது கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் அகப்பட்டுவிடுவான்.

இந்தக் காலத்தில்தான் மூன்று பெண்கள் ஸ்ராஸ்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்துலசீஸ், கபாலெஸ், பல்கந்தாலி வழக்கு என்று இதைச் சொல்வார்கள். நிரந்தர வதிவிட உரிமையுள்ள ஒரு ஆண் தன் மனைவியை எடுக்கலாம். ஆனால் அதே உரிமையுள்ள ஒரு பெண் தன் கணவனை எடுக்கமுடியாது. இதுதான் வழக்கு. மூவரில் ஒருவர் பிலிப்பைன்சில் இருந்து 1967ல் வேலைக்கு வந்து தாதியானவர். 1980ல் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்தார். கணவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1983ல் அவர் கொஞ்சநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்ததைத் தவிர, 1984 கடைசிவரைக்கும் இருவரும் பிரிந்தே இருந்தார்கள். தீர்ப்பிலே இது ஒரு சின்ன வரியாகத்தான் வருகிறது. அதை வாசிக்கும்போது எனக்கு எங்கடை வீடுகள் பல ஞாபகத்துக்கு வந்தன.

1985 மே 28ம் திகதி தீர்ப்பு. ஆண், பெண் பாகுபாடு காட்டப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு இருந்த தடையை நீக்கி ஆண்களுக்குச் சமமாக்கவில்லை. கணவன்மாருக்கு இருந்த கெடுபிடியை மனைவிமாருக்கும் நீட்டிவிட்டது! சமத்துவம் வந்தது, எல்லோரையும் ஒரே பள்ளத்துக்குள் இறக்கி.

அதே 1985 மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. இலங்கையர்கள் விசா இல்லாமல் பிரித்தானியாவுக்குள் வரமுடியாது என்று அறிவித்தார்கள். பொதுநலவாய நாடொன்றுக்கு பிரித்தானியா விசா கட்டாயமாக்கியது அதுதான் முதல்தடவை. காரணம் நாங்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு தப்பிவந்த தமிழர்களைத் தடுப்பதற்காகப் போட்ட பூட்டு அது. அகதியைத் தடுக்கப் போட்ட அந்தப் பூட்டு, அகதியைப் பார்க்க வருகிற மனைவியையும் சேர்த்தே தடுத்தது.

முதன்மை நோக்க விதி 1997 யூனில், தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த கையோடு நீக்கப்பட்டது. பதினேழு வருசம் இருந்து போனாலும் அது விட்டுச்சென்ற பழக்கம் போகவில்லை. அந்த நாட்களில் கலியாணம் உண்மையானது என்று காட்ட கடிதங்கள், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், ஒருவரையொருவர் போய்ப் பார்த்த பயணச்சீட்டுகள் எல்லாம் நீதிமன்றத்தில் அடுக்கப்பட்டன. இன்றைக்கும் ஸ்பொன்சர் கோப்புக்குள் நாங்கள் அதையேதான் வைக்கிறோம். போய்ப் பார்க்காவிட்டால் உறவு பொய் என்கிறார்கள். பார்க்க வருகிறேன் என்றால் விசா இல்லை என்கிறார்கள்.

சரி, மனைவி வரமுடியாது, கணவன் போகலாம்தானே என்று கேட்பீர்கள். அகதி எங்கே போவது? 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி தருகிற பயணப் பத்திரத்தைக் கொண்டு உலகம் எல்லாம் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. அதனால்தான் எங்கடை கலியாணங்கள் மூன்றாவது நாடுகளுக்குப் போயின. சென்னை, திருச்சி, சிங்கப்பூர், மலேசியா.... பொம்பிளை கொழும்பில் இருந்து, மாப்பிள்ளை ஐரோப்பாவில் இருந்து. என்னுடைய கலியாணமும் திருச்சியில்தான். மூன்று கிழமை சேர்ந்திருந்தோம். பிறகு அவள் ஒரு விமானம், நான் ஒரு விமானம். இடையில் அவள் போட்ட விசிற் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவன் இங்கே இருப்பதுதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த சந்திப்புக்குப் பதினாலு மாதம் ஆனது.

நாட்டைவிட்டு வந்தபிறகு கலியாணம் செய்த அகதிகளுக்கு பிரித்தானியாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2005க்குப் பிறகு அகதிகளுக்கு முதலில் ஐந்து வருச அனுமதிதான். அந்தக் காலத்தில், தப்பி வருவதற்கு முன்பே கலியாணம் செய்தவர் மனைவியை எடுக்கலாம். வந்தபிறகு செய்தவர் எடுக்கமுடியாது. தற்காலிக அனுமதியில் இருக்கும் மாணவரும் வேலைசெய்பவரும்கூட மனைவியைக் கூப்பிடலாம், அகதி கூப்பிடமுடியாது. 2007ல் ஜிபூட்டியில் கலியாணம் செய்த ஒரு சோமாலிய அகதி இதை ஸ்ராஸ்பேர்க் வரைக்கும் கொண்டுபோனார். 2011ல் விதி மாற்றப்பட்டது. 2012 நவம்பரில் நீதிமன்றம், அது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஹோட், அப்தி வழக்கு என்று இதற்குப் பெயர். அந்த மனிதருக்கு எங்கடை சனம் நன்றி சொல்லவேண்டும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்கா 2000 டிசம்பரில் கே-3 என்று ஒரு விசாவை உருவாக்கியது. குடியுரிமையுள்ளவரின் கணவனோ மனைவியோ குடிவரவு முடிவுக்கு அமெரிக்காவிலேயே வந்திருந்து காத்திருக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல யோசனை. ஆனால் முதன்மை விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டு விசா மையத்துக்கு வந்துவிட்டால் கே-3 கோப்பை மூடிவிடுவது என்று 2010ல் நடைமுறை வந்தது. இப்போது அது பெயருக்குத்தான் இருக்கிறது.

கனடா 2002ல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் 22(2)ம் பிரிவில், நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தற்காலிகமாக வரவிடாமல் தடுக்கமுடியாது என்று எழுதிவைத்தது. ஆனால் அனுமதிக் காலம் முடிந்ததும் திரும்பிப் போவார் என்று அதிகாரி திருப்திப்படவேண்டும். முழு வில்லங்கமும் அந்தத் 'திருப்தி' என்ற சொல்லுக்குள்தான். 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் பேரன் பேத்திமாருக்கும்.... மன்னிக்கவும், பாட்டன் பாட்டிமாருக்கும், 'சுப்பர் விசா' கொடுத்தார்கள். ரொறன்ரோவில் அதில் வந்து நிற்கிற அம்மா அப்பாமார் எத்தனையோ பேர். கணவன் மனைவிக்கு அப்படி ஒன்று இல்லை. 2023 மே மாதத்தில்தான், ஸ்பொன்சர் போட்டுக் காத்திருப்பவர்களின் விசிற் விசாக்களை வேறாகவும் விரைவாகவும் பார்ப்போம் என்று கனடா அறிவித்தது. இருபது வருசமாகச் சட்டத்தில் இருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு அறிவிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

பிரித்தானியாவில் குடும்பத்தைப் பார்க்க வருகிறவரை நிராகரித்தால் மேன்முறையீடு செய்யும் உரிமையை 1993ல் எடுத்தார்கள், 2000ல் திருப்பிக் கொடுத்தார்கள், 2013 யூனில் பெரும்பாலும் மறுபடியும் எடுத்துவிட்டார்கள். இது உரிமையா, ஊஞ்சலா?

இவ்வளவையும் பார்த்தபிறகு என்னுடைய கருத்து இதுதான். காத்திருக்கும் காலத்தை உருவாக்குவது அரசாங்கம். அந்தக் காலத்தின் செலவைச் சுமப்பது இரண்டு மனிதர்கள். ஒளிக்காமல் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, பெயர் விலாசம் எல்லாம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறவரைவிட நம்பத்தக்கவர் யார்? களவாக நிற்க நினைக்கிறவர் தன் கோப்பைத் தானே திறந்து வைப்பாரா?

இன்றைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒன்று சொல்லுகிறேன். "விசிற் போடேக்கை ஸ்பொன்சர் போட்டதைச் சொல்லாதே" என்று சொல்லித்தர ஆட்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். கனடாவில் பொய்த் தகவல் கொடுத்ததாகக் கண்டுபிடித்தால் ஐந்து வருசத் தடை. ஒரு மாதத்தைப் பார்க்கப்போய் ஐந்து வருசத்தைத் தொலைக்கவேண்டாம். உள்ளதை எழுதுங்கள். வேலைக் கடிதம், லீவுக் கடிதம், திரும்பிப்போகும் பயணச்சீட்டு, ஊரில் இருக்கும் பொறுப்புகள் எல்லாவற்றையும் வையுங்கள். மறுத்தால் காரணத்தைக் கேட்டெடுத்து மறுபடியும் போடுங்கள்.

மேலே சொன்ன விதிகளில் மாறியவை எல்லாம் யாரோ ஒருவர் விடாமல் கேட்டதால் மாறியவைதான்.