அவனி சதுர்வேதி: போர் விமானத்தைத் தனியே இயக்கிய முதல் இந்தியப் பெண்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயில் உள்ள லோஹேகான் விமானப்படைத் தளத்திலிருந்து 2009 நவம்பர் 25 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தமது 74-வது வயதில் சுகோய்-30 போர் விமானத்தில் பயணித்தார். முப்படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. ஆயினும் அந்நாளில் விமானப்படையின் பெண் விமானிகளுக்குப் போக்குவரத்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன.

அத்தடை 2015 அக்டோபரில் நீங்கியது. ஐதராபாத் அருகே துண்டிகல்லில் 2016 ஜூன் 18 அன்று போர் விமானப் பிரிவில் பணியேற்ற முதல் பெண்கள் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர். இவர்களுள் அவனி, 1993-ஆம் ஆண்டு பிறந்தவர். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். ராஜஸ்தானின் வனஸ்தலி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர்.

2018 பிப்ரவரி 19 அன்று குஜராத்தின் ஜாம்நகர் தளத்திலிருந்து மிக்-21 பைசன் விமானத்தை அவர் தனியே இயக்கினார். சுமார் அரை மணி நேரமே நீடித்த பயணம்தான். ஆனால் மிக்-21 மிக அதிக வேகத்தில் தரையிறங்கும் விமானம். ஒற்றை இருக்கை கொண்ட பைசனில், தவறு நேர்ந்தால் திருத்துவதற்குப் பின்னால் பயிற்றுநர் எவரும் இருப்பதில்லை.

பின்னர் சுகோய்-30 விமானியான அவனி, 2023 ஜனவரியில் ஜப்பானின் ஹியாகுரி தளத்தில் நடைபெற்ற 'வீர் கார்டியன்' கூட்டுப் பயிற்சியில் பங்கேற்றார். வெளிநாட்டுப் போர்ப் பயிற்சியில் இந்தியப் பெண் போர் விமானி ஒருவர் பங்கேற்றது அதுவே முதல்முறை.