தாயின் வயிற்றில் தொடங்கும் சர்க்கரை

எல்லாப்ரகட சுப்பாராவின் கதையிலிருந்து தொடங்குவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-இல் அமெரிக்கா போனவர் அவர். லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரினையும் அதே குழுதான் தந்தது. ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமில வகை வைட்டமின், கிடைக்காவிட்டால் செல்கள் பெருக முடியாது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரினைக் கொடுத்தார். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. அந்த ஆய்வு வெளிவந்த 1948-லேயே சுப்பாராவ் காலமானார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இதே ஃபோலேட் புனேயில் சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் மறுபடி தலைகாட்டுகிறது.

புனேயின் ராஸ்தா பேட்டையில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் தன் ஆய்வு வாழ்க்கையை இந்த மருத்துவமனையில்தான் கழித்தார். சர்க்கரை நோய் வயதானவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் வருவது என்று மேல்நாட்டுப் பாடநூல்கள் சொல்லின. அவரிடம் வந்தவர்களோ நடுவயதைக்கூட எட்டாதவர்கள், ஒல்லியானவர்கள். அப்படியானால் நோய் எங்கே தொடங்குகிறது? இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் சர்க்கரையும் அதிகம் வருகின்றன என்று சொல்லிவந்த காலம் அது. யாக்னிக் கர்ப்பிணிகளைத் தேடிப் போனார்.

1993-இல் புனேயைச் சுற்றியுள்ள 6 கிராமங்களில் ஆய்வு தொடங்கியது. வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்கள். கருத்தரிக்கும் முன் சராசரி எடை 42 கிலோ. அவர்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் குறித்துக்கொள்ளப்பட்டது. எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்ற கணக்குக்கும் குழந்தையின் அளவுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள்தான் பெரிதாகப் பிறந்தன. வயிறு நிரம்புவது மட்டும் போதாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கிராம ஆய்வுகள் நம் நாட்டில் குறைவு.

அந்தக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. கிட்டத்தட்ட எல்லா அளவிலும் நம் குழந்தை சிறியது. தசை ரொம்பவே குறைவு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. பார்த்தால் மெலிவு, உள்ளே கொழுப்பு! பெரியவர்களிடமும் இதுதான் நிலைமை என்பதைக் காட்ட யாக்னிக் தன் உடலையே சான்றாக்கினார். 2004-இல் லான்செட் இதழில் அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வெளிவந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே: 22.3. ஸ்கேன் செய்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1%, யாக்னிக் உடலில் 21.2%. எடை மெஷினை நம்பி நிம்மதியாக இருக்கும் இந்தியர் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டிய படம்.

ஃபோலேட்டுக்கு வருவோம். அந்தக் கிராமத் தாய்மார்களின் ரத்தத்தைச் சோதித்ததில் ஃபோலேட் குறைபாடு அநேகமாக இல்லை. ஆனால் மூன்றில் இரண்டு பேருக்கு வைட்டமின் பி12 குறைவு. தாவர உணவில் பி12 கிடையாது. பாலும் இறைச்சியும் அந்த வீடுகளில் குறைவு. ஃபோலேட்டும் பி12-ம் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகள். மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் வேண்டிய வேதிக்குறிகளை உடல் உண்டாக்க இரண்டும் வேண்டும். பி12 குறைந்தும் ஃபோலேட் கூடியும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, 6 வயதிலேயே சர்க்கரை நோய்க்கு முன்னோடியான இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாக இருந்தது. 2008-இல் இது வெளியானது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 18 வயதை எட்டியபோது பாதிப் பேர் எடை குறைந்தவர்கள். ஆனாலும் ஆண்களில் 37%, பெண்களில் 18% பேருக்கு ரத்தச் சர்க்கரை வரம்பைத் தாண்டியிருந்தது. இவர்கள் தாய் தந்தையாகும் முன்பே பி12 கொடுத்தால் அடுத்த தலைமுறை தப்புமா என்று பார்க்க 2012-இல் இன்னொரு ஆய்வும் தொடங்கினார் யாக்னிக். பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து இளமைவரை தொடர்ந்து, அவர்களின் பிள்ளைகள்வரை போகும் பொறுமையைத்தான் இவருடைய முதல் சாதனையாக நான் வைப்பேன்.

நம் அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தருகிறது. அதைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் மூளை, தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்க ஃபோலிக் அமிலம் அவசியம். ஆனால் உங்கள் வீட்டில் குழந்தைக்குத் தயாராகும் பெண் சைவ உணவுக்காரர் என்றால், அல்லது பால், முட்டை, மீன் அபூர்வமாகவே சாப்பிடுபவர் என்றால், பி12 பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் இந்த மாதமே கேளுங்கள்.