ஊசித்துளை உணர்த்திய உண்மை

நடுப்பகலில் வேப்பமரத்தடியில் நிற்பவர், வெள்ளிக்காசுகளை வாரி இறைத்ததுபோல் தரையெங்கும் ஒளிவட்டங்கள் சிதறிக் கிடப்பதைக் காண்பர். இலைகளின் இடைவெளிகளோ கோணல்மாணலானவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அவற்றின் வழியே வரும் ஒளி மட்டும் வட்டமாக விழுவது ஏன்? எளிய கேள்விதான், ஆயினும் இதற்கு விடை காணப் புகுந்த அறிஞர்கள் ஒளியின் இயல்பையும் கண்ணின் இயல்பையும் ஒருங்கே கண்டறிந்தனர். இன்று கண் மருத்துவரின் மேசைமீது இருக்கும் துளையிட்ட சிறு அட்டையும் அந்த ஆராய்ச்சியின் வழி வந்ததே.

சீன நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த மோசி மரபினர், இருட்டறையின் சிறு துளை வழியே வெளியுலகக் காட்சி தலைகீழாகச் சுவரில் விழுவதைக் குறித்து வைத்தனர். ஒளி, எய்த அம்பைப்போல் நேராகச் செல்வது. ஆகவே மரத்தின் உச்சியிலிருந்து புறப்பட்ட கதிர் துளையைக் கடந்து சுவரின் அடியிலும், அடிமரத்திலிருந்து வந்த கதிர் சுவரின் மேற்புறத்திலும் சென்று படும். அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்றும், சூரிய கிரகணத்தின்போது இலைகளினூடே விழும் ஒளி பிறை வடிவம் கொள்வது ஏன் என்று வினவுகிறது. தரையில் நாம் காண்பது இடைவெளியின் வடிவம் அன்று. அது கதிரவனின் உருவமே. கதிரவன் தேய்ந்தால் அதுவும் தேயும். நம் தென்னாட்டில் ஹம்பி விரூபாக்ஷர் கோயிலின் பின்புற அறையொன்றில், கோபுரத்தின் நிழலுருவம் தலைகீழாகச் சுவரில் விழுவதும் இவ்விதியின்படியே ஆகும்.

காட்சியைக் கண்டவர் பலர். அதன் கருத்தை முழுதும் உணர்ந்தவர் சிலரே. அக்காலத்தில் கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தீண்டுகின்றன என்ற கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. கிரேக்க நாட்டு யூக்ளிடும் தாலமியும் அவ்வாறே கருதினர். நம் நாட்டு நியாய தரிசனத்தாரும் அவ்வாறே கொண்டனர். அக்கொள்கையை அசைத்தவர், பாஸ்ராவில் பிறந்து கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்னும் அராபியப் பேரறிஞர். அவர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சோதனையை விவரித்தார். இருட்டறையின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் ஏற்றி வைத்தால், உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாகப் பல ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறையும். அத்தனை ஒளியும் ஒரே துளையில் நெருங்கிப் புகுந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது இதனால் விளங்கிற்று. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறதேயன்றிக் கண்ணிலிருந்து புறப்படுவதில்லை என்று அவர் நிறுவினார்.

கண்ணும் ஓர் இருட்டறையே என்பதை 1604இல் ஜெர்மானிய வானியலறிஞர் கெப்ளர் தெளிவாக்கினார். கண்மணியின் வழியே நுழையும் ஒளி, உள்ளேயுள்ள வில்லையால் குவிக்கப்பட்டு, விழித்திரையில் தலைகீழ் உருவமாக விழுகிறது என்று அவர் விளக்கினார். 1619இல் ஷைனர் என்ற பாதிரியார், அட்டையில் அருகருகே இரு ஊசித்துளைகள் இட்டு அவற்றின் வழியே ஓர் ஊசியை நோக்கும் சோதனையை வெளியிட்டார். கண் சரியாகக் குவித்தால் ஊசி ஒன்றாகத் தெரியும். குவியம் தவறினால் இரண்டாகத் தெரியும்.

இத்தாலியின் பொலோனா நகரம் அக்காலத்தில் போப்பரசரின் ஆட்சியில் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633இல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்ததும் அதே திருச்சபையே. ஆயினும் 1655இல் அந்நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கூரையில், சுமார் 27 மீட்டர் உயரத்தில், காசினி என்ற அறிஞர் ஒரு துளை அமைத்தார். சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் விரைந்தும் மறுபகுதியில் மெதுவாகவும் செல்வதுபோல் தோன்றுவது தொலைவு மாறுவதால் மட்டுமா, அன்றி வேகமும் மெய்யாகவே மாறுகிறதா என்பது கேள்வி. தரையில் விழுந்த ஒளிவட்டின் அளவை ஆண்டு முழுதும் அளந்து பார்த்ததில், கெப்ளரின் கணக்கே பொருந்திற்று.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நாம் வாழும் தில்லிக்கும் வந்தது. 994இல் பாரசீகத்து ரேய் நகரில் அல்குஜந்தி என்பார், கூரைத் துளை வழியே சூரிய பிம்பத்தை வளைவொன்றின்மேல் வீழ்த்தி அளக்கும் இருட்டறையை அமைத்தார். அம்மரபில் வந்ததே மஹாராஜா ஸவாய் ஜயசிங்கின் ஷஷ்டாம்ச யந்திரம். 1724இல் எழுந்த தில்லி ஜந்தர் மந்தரில் அது ஸம்ராட் யந்திரத்தின் கட்டுமானத்தினுள்ளேயே அடங்கியிருக்கிறது. பின்னர் ஜயப்பூரிலும் அவர் அதை அமைத்தார். கன்னாட் பிளேஸுக்குப் போகும் வழியில் ஜந்தர் மந்தரைக் கடந்து செல்லும் நம்மவர், அச்சிவந்த சுவர்களுக்குள் ஒரு துளையும் கணிதம் செய்தது என்பதை நினைவிற்கொள்வது நன்று.

துளையில் வில்லையைப் பொருத்தி, உருவத்தை நிலைநிறுத்தும் இரசாயனத்தையும் சேர்த்தபோது புகைப்படக் கருவி பிறந்தது. 1839இல் டாகேரின் முறை உலகறிய வெளியிடப்பட்டது. வில்லை இல்லாமலும் படம் எடுக்கலாம். துளை பெரிதானால் உருவம் மங்கும், மிகச் சிறிதானாலும் ஒளி விளிம்பில் சிதறி மங்கும். துளைக்கும் படத்தாளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தொலைவு இருப்பின், ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் துளை பொருத்தமாகும். நம் பிள்ளைகள் காலணிப் பெட்டியொன்றில் துளையிட்டு, எதிர்ப்புறத்தில் மெழுகுத்தாள் ஒட்டினால், எதிர்வீட்டு மாடி அதில் தலைகீழாகத் தோன்றக் காண்பர்.

இனி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிட்டப்பார்வை உள்ள கண்ணில் ஒளிக்கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்து, பின் விரிந்துவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டாகி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து மங்குகின்றன. கண்முன் சிறு துளையை வைத்தால் மெல்லிய கதிர்க்கற்றை மட்டுமே நுழையும், வட்டு சுருங்கும், எழுத்து தெளியும். துளை புதிதாக எதையும் தருவதில்லை. குழப்பும் கதிர்களைத் தடுப்பதொன்றே அதன் தொண்டு. சிறுவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

மருத்துவர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த துளையுள்ள அட்டையைக் கண்முன் வைத்துப் படிக்கச் சொல்வார். எழுத்து தெளிந்தால் குறை பெரும்பாலும் குவியத்தில் உள்ளது. கண்ணாடி அணிந்தால் தீரும். தெளியாவிடில் புரை, விழித்திரை நோய், நரம்புக் கேடு முதலியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். மேலும் ஆராய வேண்டும். புரையை அறுவையால் நீக்கலாம். கண் அழுத்த நோயால் இழந்த பார்வையோ மீளாது. ஆகவே காலதாமதம் பெருங்கேடு.

பள்ளியில் மந்தமானவன் என்று பெயரெடுத்த பிள்ளை, உண்மையில் பலகையைக் காணாதவனாக இருக்கலாம். "வயதாகிவிட்டது, இனி இவ்வளவுதான்" என்று மூலையில் அமர்ந்துவிட்ட பாட்டிக்கு ஒரு கண்ணாடியே போதுமானதாக இருக்கலாம். அறிவின்மையென்றும் விதியென்றும் நாம் எண்ணிய பலவற்றை அச்சிறு துளை பிரித்துக் காட்டிவிடும். ஆனால், பல துளைகள் இட்ட கண்ணாடியை அணிந்தால் பார்வைக் குறையே குணமாகும் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டா. துளை குறையைக் காட்டுமேயன்றித் தீர்க்காது. கிரகணத்தன்று துளை வழியே கதிரவனை நேரே நோக்குதலும் கூடாது. கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வீழ்த்தும் பிம்பத்தை மட்டுமே காண வேண்டும். 2019 டிசம்பர் 26இல் கோவையிலும் திண்டுக்கல்லிலும் கதிரவன் வளையமாய்த் தெரிந்தபோது, மரநிழலில் விழுந்த ஒளிவட்டங்களும் வளையங்களாய் மாறின.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், பிள்ளைகளின் மதிப்பெண்ணை விசாரிப்பதுபோல் அவர்தம் கண்களையும் விசாரிப்போமாக. ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாகட்டும். கண்ணொளி காக்கப்பட்ட இல்லத்தில் கல்வியொளி தானே வளரும்.