சாய்விருக்கையின் வரலாறு: பாரிஸ் ஓட்டக்களம் முதல் திருப்பதித் தெரு வரை

மிதிவண்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சக்கரம், சங்கிலி, காற்றடைத்த டயர் ஆகியவற்றின் வழியாகவே எழுதியுள்ளனர். இருக்கையின் வழியாக எழுதினால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. முதுகைச் சாய்த்து அமரும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அதன் நடுவே நிற்கிறது.

1933 ஜூலை 7 அன்று பாரிஸ் நகர ஓட்டக்களத்தில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் கடந்தார். சுவிட்சர்லாந்து வீரர் ஆஸ்கார் எக் 1914இல் நிறுவிய 44.247 கிலோமீட்டர் சாதனை முறிந்தது. ஃபோர் முதல்நிலை வீரராகக் கருதப்பட்டவர் அல்லர். அவர் ஓட்டியது சார்ல் மோஷே வடிவமைத்த சாய்விருக்கை மிதிவண்டி. சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் மறு ஆண்டே பந்தய மிதிவண்டிக்குப் புதிய வரையறை வகுத்தது. 1934 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மிதிகட்டை அச்சுக்கு எவ்வளவு பின்னால் இருக்கை அமையலாம் என்பதை அளந்து சொன்ன அந்த வரையறை, மோஷேயின் வண்டியைக் களத்திலிருந்து வெளியேற்றியது. அதே ஆண்டில் மோஷே இறந்தார். அவர் வண்டியிலும் மனித ஆற்றலைத் தவிர வேறு ஆற்றல் இல்லை. இருக்கை இருந்த இடமே குற்றமாயிற்று.

இந்த இருக்கையின் இயங்கியல் எளியது. வழக்கமான மிதிவண்டியில் நம் உடல் எடையே மிதிகட்டையை அழுத்த உதவுகிறது. மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்கிறோம். சாய்விருக்கையில் அது இயலாது. கால் முன்னோக்கித் தள்ளும்போது முதுகு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அவ்விசையைத் தாங்குவது முதுகுத் தாங்கி. அது தளர்ந்து குழைந்தால் உழைப்பின் ஒரு பகுதி துணியை நெளிப்பதிலேயே வீணாகும். ஆகவே இங்கே இருக்கை, சங்கிலியைப் போலவே வண்டியை ஓட்டும் உறுப்புகளில் ஒன்று.

நம் மண்ணில் முதுகுத் தாங்கியுள்ள இருக்கை யாருக்குக் கிடைத்தது? சைக்கிள் ரிக்‌ஷாவை நினைவுகூர்வோம். தமிழ்நாட்டில் 1973இல் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன. அது பெரும் சமூக மாற்றம். ஆயினும் மெத்தை வைத்த சாய்விருக்கை பயணிக்கே உரியதாயிற்று. மிதிப்பவருக்கு வாய்த்தது முக்கோண வடிவான சிறு இருக்கைதான். உழைக்கும் முதுகுக்குச் சாய்மானம் வேண்டும் என்ற எண்ணம் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஓட்டுபவரே சாய்ந்து அமர்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைச் செய்ய 1972இல் கான்பூரில் அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981இல் வந்தது. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனை, போலியோவால் பாதிக்கப்பட்டோருக்கு அறுவைச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் இடமாகப் புகழ்பெற்றது. இந்தியா 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. எனினும் அந்நோயைத் தாண்டி வந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. சித்தூர், திருப்பதித் தெருக்களின் வரலாற்றில் அவர்களுடைய வண்டிகளுக்கும் இடமுண்டு.

இவ்வண்டியின் இருக்கையை நாம் கருணையின் அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இயங்கியல் வேறொன்றைச் சொல்கிறது. கைப்பிடியை முன்னோக்கித் தள்ளும் ஒவ்வொரு முறையும் அவ்விசையைத் தாங்குவது முதுகுத் தாங்கியே. மோஷேயின் வண்டியில் கால் செய்த வேலையை இங்கே கை செய்கிறது; இருக்கையின் கடமை மாறவில்லை. அது உடலளவுக்குப் பொருந்தாவிட்டால் சுமை முழுதும் தோளுக்குச் செல்லும். ஒரே அளவில் செய்து வழங்கப்படும் இருக்கை எல்லா முதுகுக்கும் பொருந்துவதில்லை. அதனால்தான் வெல்டிங் பட்டறையில் குழாயை வெட்டி ஒட்டியும், பழைய டயர்க் குழாயையோ நாடாவையோ இறுக்கிக் கட்டியும் இருக்கையைத் திருத்துகிறார்கள்.

வீட்டிலேயே செய்யும் சாய்விருக்கையின் இலக்கணமும் இதுவே. வளைத்த இரு குழாய்கள், நடுவே இறுகிய நாடாப் பின்னல், இடுப்புக்கு ஒரு வளைவு, முன்புறம் நழுவாதிருக்கச் சிறு ஏற்றம். தாங்கியின் அகலம் தோள்பட்டை எலும்புகளுக்கு உள்ளாக அடங்கினால் கைகள் தடையின்றி அசையும், வண்டியும் குறுகும். தளர்ச்சியைப் போக்கும் முறையைக் கயிற்றுக் கட்டில் முன்பே கற்றுத் தந்துள்ளது: கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் கட்டில் முழுதும் இறுகும். மேலைநாட்டுச் சாய்விருக்கை மிதிவண்டிகளின் வலைத்துணி இருக்கைகளும் பின்புறக் கயிற்றாலோ வாராலோ இறுக்கப்படுபவையே.

ஒரே இருக்கை பந்தயக் களத்தில் முறைகேடாகவும், ரிக்‌ஷாவில் சொகுசாகவும், மூன்று சக்கர வண்டியில் உதவிப் பொருளாகவும் பெயர் பெற்றது. அதைக் கருவியாகவே கண்டவர்கள், அதில் நாள்தோறும் அமர்ந்து உழைத்தவர்களும் அவர்களுக்காக அதைத் திருத்திய பட்டறைக்காரர்களும். அவர்களுடைய பெயர்கள் எந்தக் காப்புரிமைப் பதிவேட்டிலும் இல்லை. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள், அந்த வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் முன், இருக்கைகளை அளந்து, படமெடுத்து, அமர்ந்தவர்களின் சொற்களோடு பதிவு செய்ய வேண்டும். அப்பதிவுகளே இந்த வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாக அமையும்.